கராத்தே கற்கத் தொடங்கியவர் முதல் நுன்சாக்காக எதை வாங்கலாம்?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: கராத்தே வகுப்பில் சேர்ந்து சில மாதம் ஆகிறது, மாஸ்டர் அடுத்து நுன்சாக்கு, அதாவது இரண்டு குட்டைக் கழிகளைக் கயிற்றாலோ சங்கிலியாலோ இணைத்த ஆயுதம், சொல்லித் தரப்போகிறார், சொந்தமாக ஒன்று வாங்கி வரச் சொல்லியிருக்கிறார். ஃபோமா, மரமா, இரும்பா, கயிறா, சங்கிலியா, என்ன நீளம், இரண்டாகச் சேர்த்து வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நடுவில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், "ஃபோமில் பழகினால் கெட்ட பழக்கம் ஒட்டிக்கொள்ளும் என்கிறார்கள், மரத்தில் பழகினால் மண்டை உடையும் என்கிறார்கள்" என்று, உங்கள் கேள்வி உண்மையில் அங்கேதான் இருக்கிறது. தப்பாகச் சுழற்றினால் தப்பு என்று தெரியவும் வேண்டும், அதற்காக வாரக்கணக்கில் முழங்கை வீங்கி உட்காரவும் கூடாது. அந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கும் கருவி எது என்பதைத்தான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், காரணங்கள் பின்னால் வரும். இப்போதைக்கு உங்கள் முன்கைக்குப் பொருந்தும் நீளத்தில், கயிறு கோத்த, ஃபோம் ரொம்பத் தடிமனாக இல்லாத நுன்சாக்கு ஒன்று. அடிப்படைச் சுற்றுகள் இரண்டு கையிலும் சீராக வந்தபிறகு, அதே நீளத்தில், கயிறு கோத்த உருண்டை மரக் கழிகள். சங்கிலியும் பேரிங்கும் அதற்கும் அப்புறம், அதுவும் நீங்கள் போகிற வழிக்குத் தேவைப்பட்டால் மட்டும். இரும்பு, ஸ்டீல் பக்கம் போகவே வேண்டாம். நான் பல ஆண்டுகளாக ஜப்பானின் ஒகினாவாத் தீவு முறையில் ஆயுதப் பயிற்சி செய்து வருகிறேன், புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லியும் கொடுக்கிறேன். கீழே எழுதுவதில் சில விஷயங்கள் யார் கேட்டாலும் உறுதியாகச் சொல்லக்கூடியவை, சில என் பழக்கத்தில் வந்த விருப்பம். எது எந்த வகை என்று அங்கங்கே சொல்கிறேன். உங்கள் மாஸ்டர் வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதையே கேளுங்கள், ஏனென்றால் உங்கள் கையையும் தோளையும் அவர் நேரில் பார்க்கிறார், நான் பார்க்கவில்லை.

பொருளைப் பற்றி எல்லோரும் சண்டை போடுகிறார்கள், நீளத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. எனக்கு இதில் சந்தேகமே இல்லை: பொருந்தாத நீளத்தில் உள்ள நல்ல மரத்தை விடப் பொருந்திய நீளத்தில் உள்ள மலிவான ஃபோம் மேல். விற்பனைக்கு வருவதில் பெரும்பாலானவை 12 அங்குலம், அதாவது சுமார் 30 செ.மீ. நீளமுள்ள கழிகள். சராசரி உயரமுள்ள பெரியவர்களுக்கு அது சரியாக இருக்கும். சிறுவர்களுக்கும் கை குட்டையானவர்களுக்கும் இருக்காது. அளப்பது சுலபம். கையை முன்னால் நீட்டி, உள்ளங்கையின் நடுவிலிருந்து முழங்கை மடிப்பு வரை எவ்வளவு என்று ஒரு டேப்பை வைத்துப் பாருங்கள். ஒரு கழியின் நீளம் அதை ஒட்டி இருக்க வேண்டும். ஓரிரண்டு செ.மீ. குறைந்தால் பரவாயில்லை, கூடினால்தான் தொல்லை. காரணம் என்னவென்றால், சுழற்றி நிறுத்தும்போது கழி திரும்பி வந்து முன்கையை ஒட்டிப் படுக்கிற நிலைகள் நிறைய உண்டு. கழி நீளமாக இருந்தால் அதன் முனை முழங்கையைத் தாண்டி வந்து சரியாக அந்த எலும்பு முனையில் இடிக்கும். முழங்கையில் நரம்பு தோலுக்கு மிக அருகில் ஓடுகிற இடம் அது, பட்டால் சுண்டுவிரல் வரை மின்சாரம் பாய்ந்த மாதிரி இருக்கும். "எனக்குக் கை வரவில்லை" என்று மனம் தளர்ந்து வருகிற மாணவர்களில் பலருக்கு உண்மையில் கையில் கோளாறே இல்லை, கழி நீளம்.

அடுத்தது இரண்டு கழிகளுக்கும் நடுவிலுள்ள இணைப்பின் நீளம். இதற்குப் பழைய முறை ஒன்று இருக்கிறது, இன்றும் அதை விடச் சிறந்தது இல்லை. உள்ளங்கையை வானம் பார்க்க விரித்து, கயிற்றின் நடுப்பகுதியை அதன் மேல் குறுக்காகப் போடுங்கள். இரண்டு கழிகளும் கையின் இரு பக்கமும் நேராகச் செங்குத்தாகத் தொங்க வேண்டும். கழிகளின் தலை, அதாவது கயிறு கோத்த முனை, கையை நெருக்கிக்கொண்டு சாய்வாக நின்றால் கயிறு குட்டை. கையின் ஓரத்திலிருந்து இரண்டு விரல் அளவுக்கு மேல் கீழே இறங்கித் தொங்கினால் கயிறு நீளம். பெரியவர்களுக்கு இது பெரும்பாலும் 10 முதல் 13 செ.மீ. வரை வரும். குட்டையாக இருந்தால் கழி கையைச் சுற்றி வர இடம் போதாமல் விரல் முட்டியில் வந்து முட்டும். நீளமாக இருந்தால் சுழலும் கழி நீங்கள் எதிர்பார்க்கும் நேரத்துக்குக் கொஞ்சம் தாமதமாக வரும், எங்கே வரும் என்பதும் ஒவ்வொரு தடவையும் மாறும். பிடிக்கப் போன கை காற்றைப் பிடிக்கும், கழி முன்கையைப் பிடிக்கும். வாங்கியதில் கயிறு நீளமாக இருந்தால் கவலை வேண்டாம், அவிழ்த்துத் திருப்பிக் கட்டிக்கொள்ளலாம். சங்கிலியில் அது முடியாது. நான் தொடக்கத்தில் கயிறுதான் வேண்டும் என்று சொல்வதற்கு இது முதல் காரணம்.

இரண்டாவது காரணம் இன்னும் முக்கியம். கயிறு அறுந்துபோவதற்கு முன்னால் கண்ணுக்குத் தெரியும்படி நைந்துபோகும். துளையின் வாயில் உரசுகிற இடத்தில் முதலில் மயிர்போல இழை பிரியும், அப்புறம் அந்த இடம் தட்டையாகும், பிறகு ஒரு இழை அறும். பயிற்சிக்கு முன் ஒரு தடவை பார்த்தால் போதும், மாற்றிவிடலாம். கயிற்றின் விலையும் ஒன்றுமில்லை, நைலான் பின்னல் கயிறு போதும். சங்கிலி அப்படி இல்லை. அதில் தேய்வது சங்கிலிக் கண்ணி மட்டுமல்ல, கழியின் தலைக்குள் இருக்கும் சுழலும் மூட்டும்தான், உள்ளே நடப்பது வெளியே தெரியாது. மலிவான சங்கிலி நுன்சாக்குகளில் அந்த மூட்டை ஒரு சிறிய திருகாணியை நம்பி மரத்துக்குள் இறக்கியிருப்பார்கள், கொஞ்சம் பசையும் இருக்கும். மரத்தில் திருகாணி பிடித்த துளை நாளாக ஆகப் பெரிதாகும், ஒரு நாள் முழு வேகத்தில் சுழலும்போது பாதி நுன்சாக்கு உங்கள் கையில் இருக்கும், மறுபாதி அறையின் இன்னொரு மூலைக்குப் போய்க்கொண்டிருக்கும். அங்கே யார் நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்தது மிச்சம். நல்ல தயாரிப்புகளில் குறுக்கே ஒரு ஊசியை இறக்கிப் பூட்டியிருப்பார்கள், அவை நம்பகமானவை, ஆனால் புதிதாக வாங்குகிறவர் அந்த வேறுபாட்டைப் படத்தைப் பார்த்துக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

சங்கிலிக்கு ஆதரவாகவும் நியாயமாகச் சொல்ல வேண்டும். பால் பேரிங் வைத்த மூட்டு தங்குதடையின்றிச் சுழலும், கயிறு அப்படிச் சுழலாது, ஒரே பக்கமாக நிறையச் சுற்றினால் முறுக்கேறி நின்றுவிடும், நடுவில் முறுக்கை எடுத்துவிட வேண்டும். மணிக்கட்டிலும் விரல்களிலும் உருட்டி உருட்டிச் செய்கிற ஃப்ரீஸ்டைல் வித்தைகளுக்குச் சங்கிலிதான் வசதி, அந்தப் பக்கம் போகிறவர்கள் அதை விரும்புவதில் தவறே இல்லை. கட்டா, அதாவது வரிசையாக அமைத்த அசைவுகளைப் பழகும் வழியில் போகிறவர்களுக்குக் கயிறே போதும். சத்தம் வராது என்பது வீட்டில் பயிற்சி செய்கிறவர்களுக்குக் கூடுதல் வசதி. அப்புறம், சங்கிலிக் கண்ணிகளுக்கு நடுவில் கைத்தோல் சிக்கிக் கிள்ளும், நீண்ட முடி இருந்தால் அதுவும் சிக்கும். சின்ன விஷயம்தான், ஆனால் தொடக்கத்தில் இது கவனத்தைக் கெடுக்கும்.

இனி ஃபோம். கெட்ட பழக்கம் ஒட்டிக்கொள்ளும் என்று சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை. ஃபோம் சுற்றிய கழி தடிமனாக இருக்கும், விரல்கள் முழுதாக மூடாது, அதனால் பிடி தளர்வாகவோ தேவைக்கு மேல் இறுக்கமாகவோ பழகும். உள்ளே இருப்பது பெரும்பாலும் பிளாஸ்டிக் குழாய், எடை குறைவு, எனவே கழி தன் வேகத்திலேயே சுற்றி வராது, தோளைக் கொண்டு தள்ள வேண்டியிருக்கும், அந்தத் தள்ளல் பின்னால் மரத்துக்கு மாறும்போது பெரிய இடைஞ்சல். மூன்றாவது, தப்பாகப் பிடித்தாலும் வலிக்காது, வலிக்காததால் தப்பு என்று தெரியாது. இவை மூன்றும் உண்மை. ஆனால் இதைச் சொல்கிறவர்கள் எதிர்ப்பக்கத்தைச் சொல்வதில்லை. பயத்தில் ஒட்டிக்கொள்ளும் பழக்கம் ஃபோமில் ஒட்டிக்கொள்வதை விட மோசமானது. முதல் நாளே கட்டை மரத்தை எடுத்துக்கொண்டு வந்தவர்களைக் கவனித்துப் பாருங்கள். ஒன்றிரண்டு அடி தலையில் பட்டதும் என்ன செய்கிறார்கள்? கழி தோளுக்கு மேல் வரும்போது தலையை எதிர்ப்பக்கம் சாய்க்கிறார்கள். கண்ணை மூடுகிறார்கள். முழங்கையை விலாவோடு ஒட்டிவைக்கிறார்கள். பிடிக்கும் கட்டத்துக்குக் கொஞ்சம் முன்னால் கையின் வேகத்தைத் தாங்களே அறியாமல் குறைக்கிறார்கள், குறைத்ததும் கழி வட்டத்தை விட்டு விழுகிறது, விழுந்து மறுபடி அவர்களையே அடிக்கிறது. தளர்ந்த பிடியைச் சில வாரத்தில் திருத்திவிடலாம். தலையைச் சாய்க்கிற பழக்கத்தை எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

ஆகவே ஃபோமின் குறைகளைத் தெரிந்துகொண்டு, அவை குறைவாக உள்ளதாகப் பார்த்து வாங்குவதுதான் வழி. கையில் எடுத்துப் பிடித்தால் கட்டைவிரலின் நுனி நடுவிரலையாவது தொட வேண்டும், தொடாவிட்டால் அது உங்களுக்குத் தடிமன். உள்ளே இருக்கும் குழாயின் முனை ஃபோமுக்குள் நன்றாக மூடியிருக்கிறதா என்று அமுக்கிப் பாருங்கள், மலிவானவற்றில் அடிப்பக்க முனையில் ஃபோம் மெல்லிசாக இருக்கும், நம்மை வந்து அடிப்பதே அந்த முனைதான். கிடைத்தால் இரண்டு கழியும் வேறு வேறு நிறத்தில் உள்ளதை வாங்குங்கள். நெதர்லாந்தில் 1996-ல் தொடங்கிய உலக நுன்சாக்கு சங்கத்தின் பயிற்சியில் ஒரு கழி மஞ்சள், ஒரு கழி கறுப்பு என்று வைத்திருப்பார்கள். இது அலங்காரம் இல்லை. எந்தக் கழி கையில் இருக்க வேண்டும், எந்தக் கழி சுழல வேண்டும், கை மாறிய பிறகு எது எங்கே இருக்கிறது என்பதை ஒரே பார்வையில் சொல்லிவிடும், கண்ணாடி முன்னால் பழகுகிறவருக்கு இது பெரிய உதவி. ஒரே நிறத்தில் கிடைத்தால் ஒரு கழியில் நிற டேப்பைச் சுற்றிக்கொள்ளுங்கள், போதும்.

வலிக்காததால் தப்பு தெரியாது என்ற குறைக்கு என் மாணவர்களிடம் சொல்வது ஒன்றுதான். ஃபோம் உடம்பில் பட்ட ஒவ்வொரு தடவையும் நிறுத்துங்கள். வலிக்கவில்லை என்று தொடராதீர்கள். எங்கே பட்டது, கை எங்கே இருந்தது என்று பார்த்துவிட்டு அதே அசைவைப் பாதி வேகத்தில் மறுபடி செய்யுங்கள். வலி செய்ய வேண்டிய வேலையை இந்த நிறுத்தம் செய்துவிடும். எப்போது மரத்துக்கு மாறலாம் என்பதற்கு நாள் கணக்கு ஒன்றும் இல்லை. எட்டு போடுவது, தோளுக்கு மேலே அனுப்பி அக்குளுக்குக் கீழே பிடிப்பது, இடுப்புக்குப் பின்னால் கை மாற்றுவது, இவை மூன்றும் வலது கையிலும் இடது கையிலும், பேசிக்கொண்டே செய்தாலும் உடம்பில் படாமல் வருகிறதா? வந்தால் மாறலாம். வலது கையில் மட்டும் வருகிறது என்றால் இன்னும் காலம் இருக்கிறது.

மரத்துக்கு வருகிறேன். ஜப்பானிய மரபில் சிவப்பு ஓக், வெள்ளை ஓக் இரண்டும் வழக்கம். பெயரைவிட முக்கியம் மரத்தின் ரேகை. கழியை வெளிச்சத்தில் வைத்து உருட்டிப் பார்த்தால் ரேகைகள் தலையிலிருந்து அடி வரை நேராக ஓட வேண்டும். நடுவில் வளைந்து பக்கவாட்டில் வெளியேறினால் அந்த இடத்தில்தான் ஒரு நாள் பிளக்கும். முடிச்சு இருந்தால் வேண்டாம், அதுவும் தலைப்பக்கத் துளைக்கு அருகில் இருந்தால் கண்டிப்பாக வேண்டாம். எடைக்கு ஒரு கணக்கு சொல்கிறேன்: 30 செ.மீ. நீளம், 2.8 செ.மீ. விட்டம் உள்ள உருண்டைக் கழியின் கன அளவு சுமார் 185 கன செ.மீ., ஓக் ஒரு கன செ.மீ.க்கு 0.7 கிராம் அளவில் இருக்கும், ஆக ஒரு கழி 130 கிராம் பக்கம் வரும். தொடக்கத்துக்கு இது நல்ல எடை. இதைவிட அடர்த்தியான மரங்களில் 160, 170 கிராம் வரை போகும், அது பின்னால் பார்த்துக்கொள்ளலாம். கழி தன் எடையால் வட்டத்தை முடிக்கிற உணர்வு முதலில் மரத்தில்தான் கிடைக்கும். அதுவரை தள்ளிக்கொண்டிருந்த தோள் ஓய்ந்து, மணிக்கட்டு மட்டும் திசை காட்டினால் போதும் என்று புரிகிற இடம் அது. இதற்காகவே மரம் வேண்டும் என்கிறேன், ஃபோமிலேயே நின்றுவிடக் கூடாது என்றும் சொல்கிறேன்.

எண்கோணமா உருண்டையா என்பதில் என் விருப்பம் உருண்டை. இது விருப்பம்தான், சட்டம் இல்லை. எண்கோணக் கழியின் விளிம்புகள் கையில் நன்றாகப் பிடிக்கும், வியர்த்தாலும் வழுக்காது, கட்டாவுக்குப் பலர் அதையே விரும்புகிறார்கள். ஆனால் விளிம்பு படுகிற அடி உருண்டை படுகிற அடியைவிட அதிகம் வலிக்கும், விரல்களில் உருட்டுவதற்கும் உருண்டையே சுலபம். எண்கோணம்தான் கிடைத்தது என்றால் மெல்லிய உப்புத்தாளால் விளிம்புகளைக் கொஞ்சம் மழுக்கிக்கொள்ளலாம். பளபளவென்று வார்னிஷ் அடித்து, நாகப் படம் வரைந்து வருபவை இருக்கின்றன. வியர்வை பட்டதும் சோப்பு போல நழுவும் அது. வார்னிஷைத் தேய்த்து எடுத்துவிட்டு ஆளிவிதை எண்ணெயை மெல்லிசாகத் தடவித் துடைத்து, நன்றாக உலரவிட்டால் பிடி அருமையாக இருக்கும். அந்த எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், அது தானே சூடேறித் தீப்பிடிக்கும் தன்மை உள்ளது, விரித்துக் காயவைத்து அப்புறம் எறியுங்கள்.

வாங்கிய நுன்சாக்கைச் சுழற்றும் முன் தலைப்பக்கத் துளைக்குள் சுண்டுவிரல் நுனியை வைத்து ஒரு சுற்று தடவிப் பாருங்கள். விளிம்பு கூராக இருந்தால் அதுவே கயிற்றை அறுக்கும் ரம்பம், எவ்வளவு நல்ல கயிறு போட்டாலும் சீக்கிரம் அறும். உப்புத்தாளைச் சின்னக் குழல் போலச் சுருட்டி உள்ளே விட்டுத் திருகினால் சில நிமிடத்தில் மழுங்கிவிடும். துளையின் வாய் வழவழப்பாக இருக்கிற நுன்சாக்கைச் செய்தவர் மற்றதையும் கவனித்துச் செய்திருப்பார் என்று நம்பலாம். அப்புறம், இரண்டு கழியையும் இரண்டு கையில் பிடித்து, உடம்பு எடையைக் கொஞ்சம் போட்டு இழுத்துப் பாருங்கள். முடிச்சு நழுவுமானால் இப்போதே நழுவட்டும்.

இரும்பு, ஸ்டீல், அலுமினியம் வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணம் கேட்பீர்கள். சுழலும் கழியின் ஆற்றல் எடையைப் பொறுத்து ஏறுகிறது, வேகத்தைப் பொறுத்தோ அதன் வர்க்கமாக ஏறுகிறது, வேகம் இரண்டு மடங்கானால் அடி நான்கு மடங்கு. உள்ளே குழாயாக உள்ள உலோகக் கழி எடையில் மரத்தைப் போலவே இருக்கலாம், ஆனால் அது கொஞ்சமும் நெகிழாது, முனை விளிம்பு கடினம், வியர்வையில் வழுக்கும். நெற்றிப்பொட்டு, முன்பல், கண் எதில் பட்டாலும் விளைவு ஃபோம் போலவும் இருக்காது, மரம் போலவும் இருக்காது. கற்கிறவருக்கு இதனால் ஒரு லாபமும் இல்லை. இதில் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே இருக்கிறேன். அது மேடையில் மினுங்குவதற்காகச் செய்தது, கை தேறிய பிறகு உங்கள் விருப்பம்.

சொந்தமாகச் செய்யலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஃபோம் வகையைச் செய்யலாம். பிளாஸ்டிக் குழாய், குழாய்களுக்குச் சுற்றும் ஃபோம் உறை, நைலான் கயிறு, முனைக்கு மூடி, இவ்வளவுதான் தேவை. முடிச்சு குழாய்க்குள் நின்று மூடியோடு சேர்ந்து வெளியே வந்துவிடாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். மரத்தில் செய்வது வேறு விஷயம். தலையில் மேலிருந்து ஒரு துளை, பக்கவாட்டில் ஒரு துளை, இரண்டும் உள்ளே சந்திக்க வேண்டும், ஒரு மி.மீ. விலகினாலும் சுவர் மெல்லிசாகி அங்கே பிளக்கும். துடைப்பக் கட்டையை அறுத்துச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், அந்த மரம் பெரும்பாலும் மென்மரம், இந்த வேலைக்கு ஆகாது.

ஒரு விஷயத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள்: நீங்கள் இருக்கும் இடத்தில் இதை வைத்திருப்பது சட்டப்படி சரியா என்பது. கனடாவில் நுன்சாக்கு தடை செய்யப்பட்ட ஆயுதம். ஜெர்மனியிலும் தடை உண்டு, கழுத்தை நெரிக்கப் பயன்படும் என்ற வகையில் அதைச் சேர்த்திருக்கிறார்கள். நியூயார்க் மாநிலத்தில் 1974-ல் வந்த தடையை 2018-ல் நீதிமன்றம் செல்லாது என்றது, அரிசோனாவில் 2019-ல் தடை நீங்கியது. இந்தத் தடைகளில் பல எழுபதுகளில் வந்தவை. 1972, 1973-ல் புரூஸ் லீயின் படங்கள் வந்து, உலகம் முழுக்கப் பிள்ளைகள் கிடைத்ததையெல்லாம் கட்டிச் சுழற்றத் தொடங்கிய காலம் அது. பிரிட்டனில் தணிக்கையாளர்கள் படங்களிலிருந்து நுன்சாக்கு காட்சிகளையே பல ஆண்டுகள் வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஃபோம் வகைக்கு விலக்கு தரும் இடங்களும் உண்டு, தராத இடங்களும் உண்டு. நான் வழக்கறிஞன் இல்லை, சட்டம் மாறிக்கொண்டும் இருக்கும், எனவே உங்கள் ஊர்ச் சட்டத்தை நீங்களே பார்த்துவிடுங்கள், மாஸ்டருக்கும் தெரிந்திருக்கும். வகுப்புக்குக் கொண்டுபோகும்போது பைக்குள் வைத்து மூடிக் கொண்டுபோங்கள். விமானத்தில் கைப்பையில் வைக்காதீர்கள், பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடுவார்கள்.

இதன் பூர்வீகத்தைப் பற்றியும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். நெல்லடிக்கும் கருவியிலிருந்து வந்தது என்று எல்லோரும் அடித்துச் சொல்கிறார்கள், குதிரைக் கடிவாளத்திலிருந்து வந்தது என்று இன்னொரு கதை, இரவுக் காவலர் தட்டும் கட்டையிலிருந்து வந்தது என்று மூன்றாவது. எதற்கும் உறுதியான சான்று இல்லை. ஒகினாவாவின் மரபு ஆயுதக் கலையான கோபுடோவின் ஆயுதங்களில் ஒன்று என்பதும், போ என்ற நீண்ட தடி அளவுக்கு அதற்குப் பழைய கட்டாக்கள் இல்லை என்பதும்தான் நிச்சயம். வாங்குவதற்கு இதனால் ஒரு பயன் உண்டு: "இதுதான் அசல் பாரம்பரிய அளவு" என்று யாராவது விலையை ஏற்றினால் நம்ப வேண்டாம். அசல் அளவு என்பது உங்கள் முன்கை.

பயிற்சி இடத்தைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை, மாஸ்டர் சொல்வார். கையை முழுதாக நீட்டி அதற்கு மேல் ஒரு கழி நீளம், நான்கு பக்கமும் மேலேயும் காலியாக இருக்க வேண்டும். மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றுங்கள். மூக்குக்கண்ணாடி போடுகிறவர் என்றால் அதற்கு மேல் ஒரு பாதுகாப்புக் கண்ணாடி. மரத்துக்கு மாறும் முதல் சில வாரங்களுக்குத் தலைக்கவசம் போட்டால் வெட்கப்பட ஒன்றுமில்லை, ஆண்கள் இடுப்புக் கவசமும் போட வேண்டும், கால்களுக்கு நடுவில் அனுப்பிப் பின்னால் பிடிக்கிற அசைவு எப்படியும் வரும். மணல் மூட்டை, டயர், சுவர் எதையும் அடித்துப் பார்க்காதீர்கள். கடினமான பொருளில் பட்ட கழி எந்தக் கோணத்தில் திரும்பி வரும் என்று யாராலும் கணிக்க முடியாது, கை தேறியவர்களே இதில் பல்லை இழந்திருக்கிறார்கள். முழங்கையின் வெளிப்பக்கத்தில் பயிற்சி முடிந்த பிறகும் வலி நின்றுகொண்டே இருந்தால் அது அடிபட்ட வலி இல்லை, திரும்பத் திரும்பச் சுழற்றியதால் தசைநாரில் வந்த வலியாக இருக்கலாம். சில நாள் ஓய்வு கொடுங்கள், போகவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். எழுத்தில் படித்து அதைச் சரிசெய்ய முயல வேண்டாம்.

கடைசியாக, இரண்டு சேர்த்து வாங்கினால் விலை குறைகிறது, இரண்டு கையிலும் ஒவ்வொன்றாகச் சுழற்றலாமே என்று கேட்டிருந்தீர்கள். இப்போது ஒன்றுதான். இரண்டு கையிலும் தனித்தனியாக ஒன்றைச் சுழற்றுவது பார்க்க அழகு, ஆனால் அப்போது வெறுங்கை என்று ஒன்று இருக்காது, தப்பு நடந்தால் பிடிக்கவும் தடுக்கவும் ஆள் இல்லை. ஒன்றை இடம் மாற்றி மாற்றி இடது கையையும் வலது கைக்குச் சமமாகக் கொண்டு வந்தபிறகு இரண்டாவதை வாங்குங்கள், அப்போது முதலாவதைத் தராசில் வைத்து எடை பார்த்து, அதே எடையிலும் அதே கயிறு நீளத்திலும் கேளுங்கள். மிச்சப்படும் பணத்தில் இப்போதைக்குக் கொஞ்சம் நைலான் கயிறு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அவிழ்த்துக் கட்டுவது எப்படி என்று முதல் வாரமே மாஸ்டரிடம் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள்.